பாதி பிழிந்த சேலை

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. அன்று அந்த அறையில் நான் இல்லை. பிரம்மசக்திக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கபுஷ்பம் எனக்குச் சொன்னாள். மனதுக்குள் ஓடியதையெல்லாம் பிரம்மசக்தியே அவளிடம் சொல்லியிருக்கிறாள், ஒரே மூச்சில் அல்ல, பல சாயங்காலங்களில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி துண்டு துண்டாக. ஒட்டாத இடங்களை நான் ஒட்டியிருக்கிறேன். அந்த மாதிரி நாற்காலிகளில் நானும் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு உரிமை கிடையாது.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்று மட்டும் முன்வரிசைக்காரர்களோடு நின்றுவிட்டது. கத்திரி வெயில் முடிய இன்னும் சில நாள் இருந்தது, ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் நாற்காலி முதுகோடு ஒட்டிக்கொண்டது, அசைந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் எல்லோரும் திரும்புவார்கள், பின்னால் கதவோரம் இருக்கும் அம்மாவும் பார்ப்பாள், பார்த்துச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் இப்போது தாங்க முடியாது என்று பிரம்மசக்தி ஆடாமல் அசையாமல் இருந்தாள். எதிரே சுவரில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. 'பெரியவர்களுக்கான கோடை வாசிப்புச் சவால்' என்று எழுதி, கீழே வெள்ளைக்காரக் குழந்தைகள் புல்தரையில் குப்புறப் படுத்துப் படிக்கிற படம். இந்த ஊரில் மே மாதம் எந்தப் புல்தரையில் குப்புறப் படுக்க முடியும், வயிறு வெந்துபோகும். ஒரு மாதத்தில் ஐந்து புத்தகம், அதில் ஒன்றாவது நாவல், கடைசி ஞாயிற்றுக்கிழமை பிடித்த புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிஷம் பேச வேண்டும். அவ்வளவுதான் சவால். கேட்டபோது எவ்வளவு சின்னதாக இருந்தது. அவள் கையிலிருந்த நாவலின் அட்டை வேர்வையில் ஊறி ஓரம் சுருண்டுவிட்டது. "ஏட்டி பிரம்மு, புஸ்தகத்தப் போட்டு இந்தப் பாடு படுத்தாத, மெர்சி மேடம் அவராதம் போட்டுருவாங்க" என்று தங்கபுஷ்பம் காதோரம் சொன்னாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை. யாரும் கேட்காமலேயே அது உள்ளே வந்து நின்றது. மேலண்ணச் சுரப்பி, நாவடிச் சுரப்பி, மேற்கொண்டு போகாதே, போகாதே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முதலில் பேசியவர் நெல்லையப்பன் சார், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். காசிக்குப் போன ஒருவர் எழுதிய பயணப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, தான் காசிக்குப் போனதைப் பற்றிப் பேசினார். ரயிலில் இட்லியில் நூல் விட்டது, அங்கே திதி கொடுத்து வைக்கிற ஒரு பண்டா இவரை ஏமாற்றப் பார்த்தது, இவர் அவனை ஏமாற்றியது. நூலகர் மெர்சி மேடம் மேசை மணியைத் தட்டினார். "இந்தா முடிச்சிட்டேன் மேடம்" என்றார், முடிக்கவில்லை. இரண்டாவது தடவை தட்டினார். "நீங்க மணியடிக்கதப் பாத்தா நான் இன்னும் காசியில இருக்காப்பல இருக்கு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிரம்மசக்தியும் சிரிக்கப் பார்த்தாள். காசி, கங்கை, தேசிய நதி, அறிவிக்கப்பட்ட ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. அந்த மனுஷர் ஒரு படித்துறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கே தன் மனைவியின் பெயரைச் சொல்லி ஏதோ செய்ததைச் சொல்லும்போது குரல் ஒரு நொடி தடுமாறியது, பின்வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள், அம்மாவாகத்தான் இருக்கும், பிரம்மசக்திக்கு இரண்டாயிரத்து எட்டுதான் கிடைத்தது. எல்லோருக்கும் விழுகிற ஏதோ ஒன்று தனக்கு மட்டும் விழவில்லை. தட்டை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், தட்டில் வருஷம்தான் விழுகிறது.

இப்படி இருந்தவள் இல்லையே. எட்டாம் வகுப்பில் அவள் இந்த ஊரிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை. அம்மா பீடி சுற்றுவாள். மடியில் சுளகு, அதில் தூளும் இலையும் நூலும், கையில் சின்னக் கத்தரி. தெருவில் எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு சுளகை எடுத்துக்கொண்டு தாய்க்கு எதிரே உட்கார வேண்டும், அது சட்டம். அம்மா ஆவுடையம்மாள் மட்டும் மகளை உட்காரவிடவில்லை. "நீ வாசி, நான் சுத்துதேன்." பக்கத்து வீட்டு டீச்சர் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருப்பார், அதை வாங்கி வந்து வாசிப்பாள். இலை நறுக்குகிற சத்தம் ஒரே தாளத்தில் ஓடும். கதையில் கெட்டது நடக்கப் போகிறது என்று தெரிந்தால் கத்தரி நின்றுவிடும். அவளுக்கு அதுதான் மதிப்பெண். கத்தரியை நிறுத்துவதற்காகவே கெட்டது வருவதற்கு முந்தைய வரியில் மெதுவாக வாசிப்பாள். ஒரு கதையில் கடைசிக் கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் அந்தப் பெண் கிணற்றில் விழுந்துவிடுவாள். அம்மா அன்றைக்கு ஏற்கனவே அழுதிருந்தாள், என்னவோ சண்டை. பிரம்மசக்தி பக்கத்தைப் பார்த்தபடியே, கண்ணைக் கூடத் தூக்காமல், கடிதம் வந்துவிட்டதாகவும் அந்தப் பெண் தலையை முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடியதாகவும் வாசித்தாள். தலையை முடிந்துகொண்டு என்பது எங்கிருந்து வந்தது? அது புத்தகத்தில் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எங்கிருந்தோ வந்தது. "நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்பதுதான் இப்போது பயம். செத்துப்போன பிள்ளைகளுக்காவது ஒரு நாள் உண்டு, திதி உண்டு. இவள் எந்த நாளில் போனாள் என்று யாருக்குத் தெரியும்.

பட்டம் வாங்கியபோது இருந்தாள் என்று நினைக்கிறாள். வீட்டில் முதல் பட்டம், தெருவிலேயே முதல் பெண் பட்டம், அம்மா சட்டம் போட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு சர்க்கார் பரிட்சை. முதல் தடவை கொஞ்சத்தில் போனது, அந்தக் கொஞ்சம்தான் கெடுத்தது, நிறையப் போயிருந்தால் விட்டிருப்பாள். இரண்டாவது தடவை, பிறகு அறிவிப்பே வராத வருஷம், பிறகு வந்த வருஷம். காலையில் நூலகம் திறப்பதற்கு முன்பே கதவோரம் பைகளை வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள், பை இருக்கிற வரிசைதான் நாற்காலி வரிசை. சாயங்காலம் வரை அவரவர் கொண்டுவந்த கைடு. ஒரு வாக்கியம் என்பது ஒரு கேள்வி பதுங்கியிருக்கிற புதர், கம்பை எடுத்துத் தட்டினால் வெளியே ஓடி வரும், பிடித்துக்கொள்ள வேண்டும், புதரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பழகிவிட்டது. ஆற்றில் முங்கி எழுந்தால் இந்த ஆறு உற்பத்தியாகும் இடம் எது என்று உள்ளே கேட்கிறது, கண்ணில் தண்ணீர் வடிகிறபோதே அகத்தியர் மலை என்று பதிலும் சொல்கிறது. ஒரு நாள் மெர்சி மேடம் படிக்கிற கூடத்துக்குள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வருஷக்கணக்கா இங்கதான் இருக்கீங்க. ஒருத்தராவது அந்த அலமாரியத் தொட்டிருப்பீங்களா? நீங்க கொண்டு வாறத நீங்களே படிச்சிட்டு நீங்களே தூக்கிட்டுப் போறீங்க. நான் நூலகரா, இல்ல காவக்காரியா?" எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரம்மசக்தி மட்டும் போய்ச் சவாலுக்குப் பெயர் கொடுத்தாள். அந்த வாரம்தான் பரிட்சை முடிவு வந்து, மறுபடியும் இல்லை என்றாகியிருந்தது. ஒரு மாதம் கதை படித்துக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தாள், காய்ச்சல்காரர்கள் கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்பதைப்போல.

ஐந்து புத்தகத்தையும் முடித்தாள். இரண்டு புத்தகம் முடிந்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கதாபாத்திரங்களின் பெயர் வரிசை, ஊர், ஆறு, என்ன மாசம் என்ன திருவிழா, யாருக்கு யார் என்ன உறவு, எல்லாம் மனப்பாடம். கடைசி நாள் ஏதாவது கேட்பார்கள் என்று இருந்தாள். மெர்சி மேடம் பேச வேண்டும் என்றுதான் சொன்னார், கேள்வி கேட்போம் என்று சொல்லவே இல்லை, ஆனால் கேள்வி இல்லாமல் எதற்காக ஒருவர் புத்தகம் படிக்கச் சொல்வார் என்று இருந்தாள். அது தெரிந்ததும் மூன்றாவது புத்தகத்தில் தன்னைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், சும்மா வாசி. சும்மா வாசிக்கிறேன். பக்கம் நகர்கிறது. ஒரு கிழவன் சாகிறான். எந்த நோயால்? போகாதே. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது, அப்பாவின் ஞாபகம்கூட அல்ல, அந்த டாக்டரின் மேசை. டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "கணையத்துல கட்டி வந்திருக்கும்மா, ரொம்ப முத்திப் போயிருச்சு" என்றார். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிரம்மசக்திக்குள் தெளிவாக, அச்சடித்த எழுத்தில், லாங்கர்ஹான் திட்டுகள் என்று வந்தது. ஆல்ஃபா செல்கள், பீட்டா செல்கள். அவள் அழவில்லை. நெஞ்சுரம் உள்ள பெண் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்பாவை எடுத்துப் போட்ட பிறகும் சொன்னார்கள், கருமாதி அன்றைக்கும் சொன்னார்கள். வாசிப்பு மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாளே, கெட்டது வாசிப்பு மட்டும்தானா? இந்த இடத்துக்கு வந்தால் மனசு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். மாட்டுக்கு வேலி தெரிகிற மாதிரி அதற்குத் தெரியும்.

"அடுத்து ரஹ்மத் நிஷா." பிஸ்கட் ஏஜென்சிக்காரரின் மனைவி, முன்வரிசையிலிருந்து எழுந்தாள். கையில் ஒரு கனமான புத்தகம். "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் உண்மையச் சொல்லிருதேன் மேடம், இத நான் முடிக்கல." கூட்டம் சிரித்தது. "சிரிக்காதீங்க. பாதிக்கு மேல போயிட்டேன். அதுல ஒரு பையன் வருதான், கிளி வளக்கான். அவன் அந்தக் கிளிக்கிட்ட நாளைக்கு உனக்குக் கொய்யாப்பழம் கொண்டு வாரேம்பான். அத்தோட மூடி வச்சிட்டேன். அவன் செத்துருவான்னு தெரிஞ்சு போச்சு." மேடையில் இருந்த பேராசிரியர், தலைமை தாங்க வந்தவர், முன்னால் சாய்ந்து, "எப்படித் தெரியும்? அதுக்குப் பிறகு படிக்கவே இல்லைங்கறீங்களே?" என்றார். "இது என்ன சார் கேள்வி? நாளைக்குன்னு அவ்வளவு ஆசையாச் சொல்லுதானே. நான் படிக்காத வரைக்கும் அவன் இருப்பாம்லா?" கை தட்டினார்கள். தங்கபுஷ்பம் விரலை மடக்கிக் கண்ணைத் துடைத்தாள், அவளும் பரிட்சைக்குப் படிக்கிறவள்தான், அவளுக்கு வருகிறது. இந்தப் புத்தகத்தைப் பிரம்மசக்தியும் படித்திருந்தாள், இந்த ஐந்தில் அதுவும் ஒன்று. கிளியின் பெயர் தெரியும். பையன் எத்தனையாவது பிள்ளை என்று தெரியும். அவன் சாகிறான், ஆமாம், பாம்பு கடித்து. கொய்யாப்பழம்? யோசித்துப் பார்த்தாள். கொய்யாப்பழம் எங்கேயும் இல்லை. அப்படி ஒரு வரியை அவள் படித்ததாகவே இல்லை.

அப்படியானால் அம்மா கேட்ட கேள்விக்கும் எங்கோ ஒரு வரி இருக்க வேண்டும். அதுதான் இத்தனை நாளாக அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது மடியில் இருக்கிற இந்த நாவலை அவள் வீட்டில் வைத்துப் படிக்கும்போது அம்மா சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன கதை? சொல்லேன், நீ கதை சொல்லி எவ்வளவு காலமாச்சு" என்றாள். சொன்னாள். ஆற்றங்கரை ஊர், ஜவுளி வியாபாரி வீடு, மருமகள் பெயர் கனகம். ஒரு நாள் காலை கனகம் படித்துறையில் துணி துவைக்கிறாள், ஒரு சேலையைப் பாதி பிழிந்தவள் அதை அப்படியே கல்லில் வைத்துவிட்டு எழுந்து நடக்கிறாள், பிறகு திரும்பி வரவே இல்லை. அம்மாவின் கத்தரி நின்றது. வருஷங்களுக்குப் பிறகு நின்றது. "ஏன்?" என்றாள் அம்மா. "ஏன் போனா?" பிரம்மசக்திக்கு ஆறு, கடை, மைத்துனர்கள் பெயர் எல்லாம் தெரிந்தது. அது தெரியவில்லை. "முழுசாப் படிக்கல இன்னும்." முழுசாகப் படித்திருந்தாள். மறுநாள் அம்மா மறுபடி, "பாதி பிழிஞ்ச சேலையப் போட்டுட்டுப் போறதுன்னா லேசுப்பட்ட காரியமாட்டி? எந்தக் கோவத்துல போறவளும் பிழிஞ்சு ஒதறிக் காயப் போட்டுட்டுல்லா போவா. அப்படி என்ன வந்துச்சு அவளுக்கு?" கேட்டுக்கொண்டே இருந்தாள், இலை நனைக்கும்போது, சோறு வடிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட அந்தக் கனகத்தைச் சொந்தக்காரியைப்போலப் பேசினாள். பிரம்மசக்தி திரும்ப முதலிலிருந்து தேடினாள். ஏனெனில் என்று இருக்கிறதா, ஆகையால், அதனால், இதன் காரணமாக. விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். பரிட்சைப் பாடத்தில் காரணம் என்றால் காரணம் என்று தலைப்பு இருக்கும், கீழே வரிசையாக இருக்கும். இதில் மழை வந்தது, மாடு கன்று போட்டது, கனகம் போனாள். ஒரு காரணத்தைத் தானாக உண்டாக்கிச் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தாள், அன்றைக்குக் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஒன்றும் வரவில்லை. கிணற்றில் வாளி காய்ந்த தரையில் இடிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில், "ஞாயித்துக்கெழம நூலகத்துல சொல்லப் போறேன், வந்து கேளு" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். வரமாட்டாள் என்று நினைத்தாள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தூள் வாசம் போக விரல்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, இவளுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

"பிரம்மசக்தி. நம்ம நூலகத்துலயே இருந்து படிக்கிற பொண்ணு" என்றார் மெர்சி மேடம். நாற்காலி எதிர்பார்த்தபடி சத்தம் போட்டது. எழுந்து நடக்கும்போது தரை கொஞ்சம் தள்ளி இருந்தது. மைக் முன்னால் நின்றதும் எல்லா முகமும் ஒரே முகமாகி, அதில் அம்மாவின் முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, அந்தக் காலத்தில் கதை கேட்கும்போது திறந்திருந்த அதே அளவு. ஏதாவது சொல் என்று பிரம்மசக்தி தன் வாயைக் கேட்டுக்கொண்டாள். வாய் சொன்னது. "இந்த நாவல் மூன்று பாகங்களைக் கொண்டது. கதை நடக்கும் ஊர் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது. அங்கு ஐப்பசி மாதத்தில் தேர்த்திருவிழா நடைபெறும். கதாநாயகனின் தொழில் ஜவுளி வணிகம். அவனுக்குச் சகோதரர்கள் மூவர், அவர்களின் பெயர்கள்..." பெயர்கள் வந்தன. மூத்தவனின் மனைவி ஊர் வந்தது. கடையில் விற்ற துணி வகைகள் வரிசை தப்பாமல் வந்தன. தன் குரல் நன்றாக இருப்பதாகவும், தடுமாறவில்லை என்றும், இதைவிடக் கேவலமாகத் தடுமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் ஒரே நேரத்தில் நினைத்தாள். முன்வரிசையில் ரஹ்மத் நிஷா புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்." மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "என்ன ஞாபக சக்தி பாருங்க! கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இந்தப் பொண்ணு அடுத்த பரீட்சையில நிச்சயம் பாஸ்." நல்ல மனுஷர், மனதாரத்தான் சொன்னார். கூட்டம் மனதாரக் கை தட்டியது. நிச்சயம் பாஸ் என்பது ஆணி இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்படியானால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று. அது மட்டும்தான் இருக்கிறது என்று.

தப்பித்துவிட்டோம் என்று திரும்பியபோது கதவோரத்தில் அம்மா எழுந்து நின்றாள். "ஏட்டி, அவ ஏன் போனான்னு நீ சொல்லலியே?" கூட்டம் திரும்பிப் பார்த்தது. "யாரும்மா நீங்க?" என்றார் பேராசிரியர். "நான் இவ அம்மைங்கய்யா. இதக் கேக்கத்தான் வந்தேன். இது தெரியாம எனக்கு ராத்திரி ஒறக்கமே வரல." சிரிப்பு, அன்பான சிரிப்பு, யாரோ "அம்மா போட்டாங்க பாரு கேள்வி" என்றார்கள். "அற்புதமான கேள்வி. சொல்லும்மா" என்றார் பேராசிரியர். பிரம்மசக்தி மறுபடி மைக் முன்னால் நின்றாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. தெரியவில்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, எனக்கு வாசிக்க வரவில்லை, நீ உன் சுளகு முன்னால் என்னை உட்கார வைத்திருந்தால்கூட எனக்கு ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் வெள்ளையிலிருந்து நான்கு வரிகள் எழுந்தன, எப்போதும்போல நான்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக. "வறுமை" என்று வாய் சொன்னது. "கணவனின் சந்தேகம். பிள்ளை இல்லாதது." நான்காவதற்கு வந்து நின்றது. அங்கே என்ன இருக்கும் என்று இவ்வளவு வருஷமாக அவளுக்குத் தெரியும். "மேற்கண்ட அனைத்தும்." அறை முழுக்க வெடித்துச் சிரித்தது. படிக்கிற கூடத்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். வேண்டுமென்றே அடித்த ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகம் நன்றாக இல்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாந்தானா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எல்லோருக்கும் ஒரு துணிப்பையும் சான்றிதழும் கொடுத்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழல் ஒரு ஆள் அகலத்துக்குத்தான் இருந்தது, அம்மா மகளை அதில் நிறுத்திவிட்டுத் தான் வெயிலில் நின்றாள். எதிர்வீட்டு அத்தை சந்தையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். "என்ன மைனி, மவ பேசினாளா?" "பேசினா, எல்லாரும் கையத் தட்டுனாவ. அந்தக் கனகம் போனதுக்குக் காரணமும் சொல்லிட்டா." "என்னவாம்?" "எல்லாத்துக்குந்தானாம். இல்லாமையும் இருந்திருக்கு, அவனும் சரியில்ல, பிள்ளையும் இல்ல. ஒண்ணுன்னா தாங்கியிருப்பா. எல்லாமாச் சேந்தா பாவம் அவ என்ன செய்வா." அத்தை 'ச்சு' கொட்டினாள். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிரம்மசக்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் கொடுத்த குப்பையை வைத்துக்கொண்டு இந்த இரண்டு பெண்களும் நின்ற இடத்திலேயே ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள், தான் அதற்குள் போக முடியாமல் வெளியே நிற்கிறோம் என்று தோன்றியது. இனி அம்மா கேட்க மாட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாலாவது என்றைக்காவது கண்டுபிடித்துவிடலாம் என்று ஒன்று இருந்தது, அதுவும் இன்றோடு முடிந்தது. "இன்னைக்கு ஒறக்கம் வரும்" என்றாள் அம்மா. பாபநாசம் பேருந்து வந்து நின்றது. அதற்குப் பிறகு பிரம்மசக்தி அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை என்றும், காலையில் கதவோரம் பை வரிசையில் அவள் பை இப்போதும் முதலில் இருக்கிறது என்றும் தங்கபுஷ்பம் சொன்னாள்.

நான் பிறகு அந்தக் கிளை நூலகத்துக்குப் போய் அந்த நாவலை எடுத்துப் பார்த்தேன். கனகம் கிளம்பிப் போவதற்கு முந்தைய அத்தியாயத்தில், ஒரு பத்தியின் நடுவே, இந்த வரி இருக்கிறது: '1952ஆம் வருஷம் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் ஒருவர்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.' அதில் 1952 என்பதைச் சுற்றி மெல்லிய பென்சிலில் ஒரு வட்டம், ஓரத்தில் பொடி எழுத்தில் 'முதல் பொதுத்தேர்தல்'. பிரம்மசக்தியின் எழுத்துதான். தங்கபுஷ்பத்திடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன்.